டிராம்பேக்கு வந்த உதவி

மும்பையின் கிழக்குக் கரையில் இருக்கிறது டிராம்பே. மான்கூர்ட் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் ஏறினால் போய்ச் சேரலாம். ஒரு பக்கம் மலை. மறு பக்கம் கடல். அங்கே சீத்தா கேம்ப்பில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன.

இந்தப் பகுதியில் இரண்டு பெரிய நிறுவனங்கள் உள்ளன. ஒன்று பாபா அணு ஆராய்ச்சி மையம். இன்னொன்று செம்பூரை ஒட்டி இருக்கும் உரத் தொழிற்சாலை. அதை எல்லாரும் ஆர்.சி.எப். என்பார்கள்.

இந்த இரண்டும் வளர்ந்ததில் வெளிநாட்டு அரசுகளின் உதவியும் உண்டு. அந்த உதவி எப்படி வந்தது? அதனால் என்ன நன்மை? என்ன சிக்கல்? இந்தப் பாடத்தில் தெரிந்து கொள்வோம்.

உதவியில் பல வகை

ஒரு வீட்டில் கஷ்டம் வருகிறது. அண்ணன் ஒரு மூட்டை அரிசி கொண்டு வந்து இறக்குகிறார். திருப்பிக் கேட்க மாட்டார். இது நன்கொடை.

பக்கத்து வீட்டுக்காரர் ஆயிரம் ரூபாய் கைமாற்றாகத் தருகிறார். இதைத் திருப்பித் தர வேண்டும். இது கடன்.

மாமா தையல் வேலை கற்றுக் கொடுக்கிறார். கற்ற தொழில் கடைசி வரை கூட வரும். நாடுகளுக்கு இடையே இதைத் தொழில்நுட்ப உதவி என்பார்கள்.

புயலில் கூரை பறக்கிறது. ஓடி வந்து சோறும் துணியும் தருகிறார்கள். இது நிவாரணம்.

ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டுக்குச் செய்யும் உதவியும் இந்த நான்கு வகைதான். சில நேரம் இவை கலந்தும் வரும். பெயர் "உதவி" என்றே இருக்கும். உள்ளே கடன் இருக்கும். நிபந்தனையும் இருக்கும். அதனால் பெயரோடு நின்றுவிடாமல் உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

கொழும்பில் போட்ட திட்டம்

இந்தியா 1947-ஆம் ஆண்டு சுதந்திரம் பெற்றது. இலங்கை 1948-ஆம் ஆண்டு பெற்றது. அப்போது ஆசிய நாடுகளில் பசியும் நோயும் மிகுந்திருந்தன. தொழிற்சாலைகள் குறைவு.

1950 ஜனவரியில் கொழும்பு நகரில் ஒரு கூட்டம் நடந்தது. காமன்வெல்த் நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். ஏழை நாடுகள் முன்னேற உதவுவது என்று பேசினார்கள். அதிலிருந்து ஒரு திட்டம் பிறந்தது. அதன் பெயர் கொழும்புத் திட்டம். அது 1951 ஜூலையில் தொடங்கியது.

உதவிய நாடுகளுக்கு நல்லெண்ணம் இருந்தது. சொந்தக் கணக்கும் இருந்தது. பசித்த நாடுகள் கம்யூனிஸ்ட் பக்கம் சாய்ந்துவிடுமோ என்று அவை பயந்தன. நாடுகளின் உதவியில் இப்படி இரண்டும் சேர்ந்தே இருப்பது வழக்கம்.

டிராம்பேயின் அணு உலை

கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாடு இந்தியாவுக்கு ஓர் அணு உலை தர முன்வந்தது. 1956 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய கருவிகளின் செலவைக் கனடா ஏற்றது. உள்நாட்டுச் செலவை இந்தியா ஏற்றது. அந்த உலைக்குக் கனநீர் என்ற தனி வகை நீர் தேவை. அதை அமெரிக்கா தந்தது.

இந்திய விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் டிராம்பேயில் உழைத்தார்கள். இந்தப் பணிக்குத் தலைமை ஏற்றவர் ஹோமி பாபா. 1960 ஜூலை 10 அன்று உலை இயங்கத் தொடங்கியது. அதன் பெயர் சைரஸ். அது மின்சாரம் தயாரிக்கும் உலை இல்லை. ஆராய்ச்சிக்கான உலை. மருத்துவமனைகளுக்கும் தொழில்களுக்கும் தேவையான கதிரியக்கப் பொருள்கள் அங்கே தயாராயின. பலர் அங்கே தொழில் கற்றார்கள்.

ஒரு வாக்கியத்தால் வந்த சண்டை

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. உலையையும் அதில் கிடைக்கும் பொருளையும் அமைதிப் பணிகளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். "அமைதிப் பணி" என்றால் எது எது? அதை இரண்டு நாடுகளும் ஒரே மாதிரி புரிந்து கொள்ளவில்லை.

1971-ஆம் ஆண்டு கனடாப் பிரதமர் பியர் ட்ரூடோ நம் பிரதமர் இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். அணு வெடிப்புச் சோதனை நடத்தினால் உதவி தொடராது என்பது அதன் கருத்து. இந்தியா அந்த விளக்கத்தை ஏற்கவில்லை.

1974 மே 18 அன்று ராஜஸ்தானில் பொக்ரான் என்ற இடத்தில் இந்தியா அணு வெடிப்புச் சோதனை நடத்தியது. அதற்கு வேண்டிய புளூட்டோனியம் சைரஸ் உலையிலிருந்து கிடைத்தது. "இது அமைதிக்கான சோதனை" என்றது இந்தியா. "வெடிப்பில் அமைதி ஏது? நிபந்தனையை மீறிவிட்டீர்கள்" என்பது கனடாவின் வாதம்.

கனடா அணுசக்தி உதவியை உடனே நிறுத்தி வைத்தது. 1976-ஆம் ஆண்டு அதை முழுவதுமாக முடித்துக் கொண்டது. அப்போது ராஜஸ்தானில் கனடாவின் உதவியோடு ஓர் அணு மின் நிலையம் கட்டி வந்தார்கள். அதன் இரண்டாவது உலை பாதி வேலையில் நின்றது. இந்தியப் பொறியாளர்கள் தாங்களே அதைக் கட்டி முடித்தார்கள். 1981-ஆம் ஆண்டு அது வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. உதவி நின்றது. ஆனால் கற்ற தொழிலை யாராலும் திரும்ப எடுத்துக் கொள்ள முடியவில்லை.

சைரஸ் உலை ஐம்பது ஆண்டுகள் வேலை செய்தது. 2010 டிசம்பர் 31 அன்று அதை நிரந்தரமாக மூடினார்கள். அதே 2010-ஆம் ஆண்டு இந்தியாவும் கனடாவும் அணுசக்தித் துறையில் மறுபடியும் ஒப்பந்தம் செய்து கொண்டன. ஒரு வாக்கியத்தால் வந்த பிளவு ஆற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

கப்பலில் வந்த கோதுமை

இனி உரத் தொழிற்சாலையின் கதை. அது பசியிலிருந்து தொடங்குகிறது.

1956-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்தது. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. இது இலவசம் இல்லை. விலையை இந்தியா ரூபாயில் கொடுத்தது. டாலர் கையில் இல்லாத நாட்டுக்கு அது பெரிய சலுகை. மும்பை ரேஷன் கடைகளில் அந்தக் கோதுமையும் சிவப்புச் சோளமும் வாங்கிச் சாப்பிட்டவர்கள் பலர். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்தது. நாட்டில் கடும் வறட்சி. அப்போது அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமையை மொத்தமாக அனுப்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார். விவசாயத்துக்கு அதிகம் செலவு செய்யுங்கள் என்று வற்புறுத்தினார். வியட்நாம் போரை இந்தியா குறை கூறியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த கப்பல் எப்போது வரும் என்று டெல்லி காத்திருந்தது.

அந்தக் கோதுமை பல உயிர்களைக் காப்பாற்றியது. அது உண்மை. சாப்பாட்டுக்குப் பிறர் கையைப் பார்த்து நிற்பது எவ்வளவு வேதனை என்றும் நாடு தெரிந்து கொண்டது. அதுவும் உண்மை.

அப்போது உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தவர் கொங்கு நாட்டைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். எம்.எஸ். சுவாமிநாதன் முதலிய விஞ்ஞானிகளின் யோசனையை அவர் ஏற்றார். 1966-ஆம் ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. அது சாப்பிடுவதற்கு வந்த தானியம் இல்லை. விதைப்பதற்கு வந்தது.

புது விதை நன்றாக விளைய உரம் வேண்டும். டிராம்பே உரத் தொழிற்சாலை 1965-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. அதைக் கட்ட அமெரிக்க அரசு கடன் கொடுத்து உதவியது. 1978-ஆம் ஆண்டு முதல் அந்தத் தொழிற்சாலை ஆர்.சி.எப். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ஊரில் விவசாயம் செய்பவர்களுக்கு அதன் "சுபலா" உரம் தெரிந்திருக்கும்.

வறட்சிக்கு முன்பு நாட்டின் அதிகபட்சக் கோதுமை விளைச்சல் சுமார் 123 லட்சம் டன். 1968-ஆம் ஆண்டு அது சுமார் 165 லட்சம் டன்னாக உயர்ந்தது. விதை, உரம், தண்ணீர், விவசாயிகளின் உழைப்பு எல்லாம் சேர்ந்து இதைச் செய்தன.

தானியமாக வந்த உதவி அன்றே தீர்ந்தது. விதையாகவும் தொழிற்சாலையாகவும் வந்த உதவி நிலைத்தது.

பலன் யாருக்கு? சுமை யாருக்கு?

ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் கையெழுத்துப் போடுகின்றன. பக்கத்தில் குடியிருக்கும் மக்களை யாரும் கேட்பதில்லை.

டிராம்பேயில் ஜனதா காலனி என்ற குடியிருப்பு இருந்தது. அங்கே பல ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். அந்த இடம் அணு ஆராய்ச்சி மையத்துக்கு வேண்டும் என்றார்கள். மக்கள் ஒன்றுகூடிப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர். கோர்ட்டுக்கும் போனார்கள். கடைசியில் 1976-ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்தில், காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள்.

நாட்டுக்குக் கிடைத்த அறிவும் உரமும் பெரியவைதான். அதற்காக இடம் விட்டவர்களின் இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்கிய நாடு கொடுக்கிறது

இந்தியா உதவி வாங்கியதோடு நிற்கவில்லை. 1964-ஆம் ஆண்டே பிற வளரும் நாடுகளின் மக்களுக்குத் தொழில் பயிற்சி தரும் திட்டத்தைத் தொடங்கியது.

இலங்கையில் போரால் வீடு இழந்தவர்களுக்காக இந்தியா 2010-ஆம் ஆண்டு 50,000 வீடுகளை அறிவித்தது. இது நன்கொடை. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளுக்குப் பணம் தவணை தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே போனது. அவர்களே முன்னின்று வீடு கட்டிக் கொண்டார்கள். அதே திட்டத்தில் 4,000 வீடுகள் மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு.

2022-ஆம் ஆண்டு இலங்கையில் கடும் பணநெருக்கடி வந்தது. பெட்ரோல் இல்லை. மருந்து இல்லை. பால் பவுடர் இல்லை. இந்திய அரசு சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. இதில் பெரும் பகுதி கடனும் கடன் தவணைச் சலுகையும்தான். உணவும் மருந்தும் வாங்கக் கொடுத்த கடனில் பொருள்களை இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது.

தமிழ்நாடு அரசு தன் பங்காக 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்துகளும் தந்தது. ஒரு மாநில அரசு தானாக வெளிநாட்டுக்கு உதவி அனுப்ப முடியாது. மத்திய அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தது. 2022 மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. தமிழர்களுக்கு மட்டும் என்று பிரிக்கவில்லை. இலங்கை மக்கள் எல்லாருக்கும் என்றே அனுப்பினார்கள். பசிக்கு மொழி கிடையாது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. இது நன்கொடையா, கடனா?
2. நிபந்தனை என்ன? அதன் பொருள் இரண்டு பேருக்கும் ஒன்றா?
3. பலன் யார் கைக்குப் போகிறது? சுமை யார் தலையில் விழுகிறது?

இந்தக் கேள்விகள் அரசுகளுக்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டுக் கடன், குழுக் கடன், தவணைக்கு வாங்கும் பொருள், எல்லாவற்றுக்கும் பொருந்தும். படிக்கத் தெரிந்தவர் கையெழுத்துப் போடும் முன்பு காகிதத்தை முழுவதும் படிக்க வேண்டும். புரியாத சொல் இருந்தால் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை.

புதிய சொற்கள்

நன்கொடை – திருப்பித் தர வேண்டாத உதவி
நிவாரணம் – ஆபத்துக் காலத்தில் உடனே செய்யும் உதவி
ஒப்பந்தம் – இரண்டு தரப்பும் ஏற்றுக் கையெழுத்திடும் உடன்பாடு
நிபந்தனை – உதவி பெறுபவர் கடைப்பிடிக்க வேண்டிய விதி
வளரும் நாடு – தொழிலிலும் வருமானத்திலும் முன்னேறி வரும் நாடு

பதில் எழுதுங்கள்

1. கொழும்புத் திட்டம் எந்த ஆண்டு தொடங்கியது?
2. சைரஸ் உலைக்குக் கனநீர் தந்த நாடு எது?
3. கனடா ஏன் உதவியை நிறுத்தியது?
4. மெக்சிகோவிலிருந்து வந்த கோதுமை எதற்குப் பயன்பட்டது?

கணக்குப் போடுங்கள்

ஒரு டன் என்பது 1,000 கிலோ. 40,000 டன் அரிசி எத்தனை கிலோ? ஒரு குடும்பத்துக்கு 10 கிலோ என்றால் எத்தனை குடும்பங்களுக்குக் கொடுக்கலாம்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் பகுதிக்கு ஒரு பெரிய திட்டம் வருகிறது. அதற்கு வெளியிலிருந்து பண உதவியும் வருகிறது. நீங்கள் முதலில் எந்தக் கேள்வியைக் கேட்பீர்கள்? யாரிடம் கேட்பீர்கள்?