குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் கேழ்வரகு முக்கியமான பயிர். ராகி, கேப்பை, ஆரியம் என்று ஊருக்கு ஒரு பெயர் இதற்கு உண்டு. அறுவடையானதும் மூட்டைகளை மண்டிக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக் குழந்தைக்குச் சத்துமாவு டப்பாவை விலைக்கு வாங்கும் வழக்கம் பல விவசாயக் குடும்பங்களில் காணப்படுகிறது. அந்த மாவை வீட்டிலேயே, சொந்தத் தானியத்திலேயே தயாரித்துக் கொள்ளலாம்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் இது 10 மில்லிகிராமுக்கும் குறைவு. கேழ்வரகு மிகச் சிறிய தானியம். ஆதலால் அரிசியைப் போல் தீட்டாமல் மேல்தோலுடனேயே அரைத்து உண்கிறோம். சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி அந்தத் தோலில்தான் இருக்கிறது.

முளைகட்டுவது ஏன்?

சாதாரணக் கேழ்வரகு மாவைக் காய்ச்சினால் சீக்கிரமே களி போல் இறுகிவிடும். குழந்தை விழுங்குவதற்காகத் தாய்மார்கள் தண்ணீரைக் கூட்டுகின்றனர். அப்போது கிண்ணம் நிறைந்திருக்கும். அதில் மாவு குறைவாகவே இருக்கும். குழந்தையின் இரைப்பை சிறியது. நீர்த்த கஞ்சியால் வயிறு நிரம்பினாலும் வளர்ச்சிக்குத் தேவையான சத்து சேராது. வேளாவேளைக்கு உணவு கொடுத்தும் குழந்தை எடை கூடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தானியம் முளைவிடும்போது அமைலேஸ் என்னும் நொதி அதில் உண்டாகிறது. இது மாவுச் சத்தை உடைப்பதால் கஞ்சி இறுகுவதில்லை. ஆகவே அதே அளவு தண்ணீரில் இரு மடங்கு மாவு சேர்த்தாலும் கஞ்சி குழந்தை விழுங்கும் பதத்தில் இருக்கும். மேலும், இரும்புச் சத்து உடலில் சேராதபடி தடுக்கும் பைட்டிக் அமிலமும் முளைகட்டுவதால் குறைகிறது.

மாவு தயாரிக்கும் முறை

கேழ்வரகு 750 கிராம், பச்சைப் பயறு 250 கிராம் போதும். கேழ்வரகில் புரதம் 100 கிராமுக்குச் சுமார் 7 கிராம்தான். பயறில் சுமார் 22 கிராம் இருப்பதால் இரண்டும் சேர்ந்தால் குறை நீங்கும்.

1. கேழ்வரகைக் கல், மண் நீக்கி, நீர் தெளியும் வரை பல முறை கழுவி, 12 மணி நேரம் ஊற வைக்கவும். இடையில் ஒரு முறை தண்ணீரை மாற்றவும். பயறைத் தனியாக 8 மணி நேரம் ஊற வைத்தால் போதும்.

2. நீரை வடித்து, சுத்தமான ஈரத் துணியில் தனித்தனியே கட்டி வைக்கவும். அவ்வப்போது நீர் தெளித்து வரவும். பயறு ஒரு நாளில் முளைவிடும். கேழ்வரகுக்கு ஒன்றரை முதல் 2 நாள் ஆகும். பூஞ்சண வாடை வீசினால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

3. வெள்ளைத் துணியில் பரப்பி நன்கு உலர்த்தவும். பிறகு கையால் தேய்த்து, முறத்தில் புடைத்து முளையை நீக்கவும்.

4. கேழ்வரகை இளஞ்சூட்டில் வாசனை வரும் வரை மட்டும் வறுக்கவும். நிறம் மாறும்படி வறுத்தால் நொதி அழிந்து, முளைகட்டிய பயன் போய்விடும். பயறைப் பச்சை வாடை போகும் வரை வறுக்கலாம்.

5. இரண்டையும் கலந்து அரைத்து, ஆறிய பின் ஈரமில்லாத டப்பாவில் மூடி வைக்கவும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது.

குழந்தைக்கு மாவை மெல்லிய துணியில் சலித்துக் கொள்ள வேண்டும். சல்லடையில் தங்கும் தவிட்டை எறியாமல் பெரியவர்களுக்கான அடை மாவில் சேர்க்கலாம்.

சோளத்தை இம்முறையில் முளைகட்டிக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடுகளைக் கொல்லும் நச்சு, சோள முளையிலும் உண்டு.

கஞ்சி காய்ச்சும் முறை

மாவு 3 மேசைக்கரண்டியை ஒரு சிறு தம்ளர் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சவும். தீயைக் கூட்டினால் நொதி வேலை செய்ய நேரம் இராது. கஞ்சி முதலில் கெட்டியாகிப் பிறகு இளகும். இளகிய பின் சில நிமிடங்கள் நன்றாகக் கொதிக்க விட்டு இறக்கவும். அரை தேக்கரண்டி நெய்யோ, மசித்த வாழைப்பழமோ சேர்க்கலாம். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் வேண்டாம்.

6 மாதம் முடிந்த பிறகே இந்தக் கஞ்சியைத் தொடங்க வேண்டும். முதலில் 2, 3 தேக்கரண்டி கொடுத்து, படிப்படியாகக் கூட்டவும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. காலையில் காய்ச்சியதை மாலை வரை வைத்துக் கொடுப்பது வயிற்றுப்போக்கை வரவழைக்கும். மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்த்து, கூடாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெரியவர்களுக்கு

இதே மாவு 2 பங்கு, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை 1 பங்கு, பொடித்த வெல்லம் முக்கால் பங்கு சேர்த்து, சிறிது சூடான நெய் விட்டு உருண்டை பிடிக்கலாம். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது. சுருங்கிய, கறுத்த, பூஞ்சணம் பிடித்த கடலைகளைப் பொறுக்கி நீக்க வேண்டும். அவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சு இருக்கக்கூடும். உருண்டை தின்றவுடன் தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேராது. அதற்குப் பதில் ஒரு நெல்லிக்காய் தின்பது நன்று.

ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் மாவு என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு வேண்டிய தானியமும் பயறும் சேர்ந்து 25 கிலோவைத் தாண்டாது. அடுத்த அறுவடையில் களத்திலிருந்து மண்டிக்கு வண்டி கட்டும் முன், பூச்சி மருந்து படாத அரை மூட்டைக் கேழ்வரகை நன்கு காய வைத்து வீட்டுக்கென எடுத்து வைத்தால், ஓராண்டுக்குச் சத்துமாவு வாங்கும் செலவு மிச்சமாகும்.