பிஞ்சு நுரையீரலுக்கு மூச்சளித்த பேராசிரியர்

பத்து மாதம் சுமந்து பெறுவது என்பது நம் வழக்கு. மருத்துவர் கணக்கில் அது நாற்பது வாரம். முப்பத்தேழு வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதே குறைமாதப் பிரசவம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. இத்தகைய குழந்தைகளின் உயிர்காக்க வழி கண்ட நியூசிலாந்துப் பேராசிரியர் கிரகாம் லிக்கின்ஸ் அவர்களைப் பற்றி இக்கட்டுரையில் அறிந்துகொள்வோம்.

குறைமாதக் குழந்தைக்கு முதல் ஆபத்து மூச்சில்தான். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எளிதில் பிரிக்க முடிவதில்லை அல்லவா? நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளும் ஈரமானவையே. அவை ஒட்டிக்கொள்ளாமல் காப்பது, அவற்றின் உட்புறம் படியும் வழவழப்பான ஒரு பொருள். கருவின் கடைசி வாரங்களில்தான் அது போதிய அளவு சுரக்கிறது. முன்னதாகப் பிறந்த குழந்தையிடம் அது குறைவு என்பதை 1959இல் மேரி எல்லன் ஏவரி என்னும் பெண் மருத்துவர் தம் சக ஆய்வாளர் ஜியர் மீடுடன் சேர்ந்து எடுத்துக்காட்டினார். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் ஆண் குழந்தை ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இந்த மூச்சுத் திணறலாலேயே இரண்டு நாள் நிறைவதற்குள் இறந்தது. நாட்டின் தலைவர் வீட்டிலும் அன்று அதற்கு மருந்தில்லை.

லிக்கின்ஸ் 1926இல் பிறந்தவர். ஆக்லாந்து நகரின் தேசிய மகளிர் மருத்துவமனையில் பணியாற்றினார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது: பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது யார், தாயா, சேயா? காரணம் தெரிந்தால் முன்கூட்டியே வரும் வலியைத் தடுக்கலாம் என எண்ணினார். செம்மறியாடுகளில் சோதித்தார். கருவிலிருந்த குட்டியின் பிட்யூட்டரி சுரப்பியைச் செயலிழக்கச் செய்தபோது பிரசவம் தள்ளிப்போயிற்று. குட்டிக்குக் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் செலுத்தியபோதோ முன்னதாகவே நிகழ்ந்தது. ஆடுகளைப் பொறுத்தவரை நாள் குறிப்பது குட்டியே என்பது தெளிவாயிற்று.

அப்போதுதான் எதிர்பாராத ஒன்று அவர் கண்ணில் பட்டது. கார்டிசால் பெற்று மிக முன்னதாகப் பிறந்த ஒரு குட்டி, பிறந்தவுடன் இறந்திருக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது! அதன் நுரையீரலிலும் காற்று புகுந்திருந்தது. ஹார்மோன் நுரையீரலை விரைவில் முதிரச் செய்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார்.

1969 டிசம்பரில் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கிய தாய்மாரிடம் சோதனையைத் தொடங்கினார். ஒரு சாராருக்குப் பீட்டாமெத்தசோன் ஊசி. மறு சாராருக்கு வலுக்குறைந்த மருந்து. 282 தாய்மாரைக் கொண்ட முடிவு 1972இல் வெளிவந்தது. தானாக வலி கண்டு முன்னதாகப் பிறந்த குழந்தைகளில் மூச்சுத் திணறல் நூற்றுக்கு 26 என்பதிலிருந்து 9 ஆகக் குறைந்திருந்தது. முதல் வார மரணமோ நூற்றுக்கு 15 என்பதிலிருந்து 3 ஆயிற்று.

இத்தனை தெளிவான முடிவை உலகம் உடனே ஏற்றதா? இல்லை. மருந்தால் பின்னாளில் தீங்கு வருமோ என்று பல மருத்துவர் தயங்கினர். அதன்பின் நடந்த சோதனைகள் அனைத்தையும் ஒருசேர எடைபோட்ட ஆய்வு 1990இல் வெளியானது. 1994இல்தான் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு இதைப் பரிந்துரைத்தது. இடையில் கழிந்தவை இருபத்திரண்டு ஆண்டுகள்! அதற்குள் இம்மருந்து கிட்டாமல் மறைந்த பிஞ்சுகள் எத்தனையோ? ஆக்லாந்துக் குழந்தைகளை முப்பது வயதில் மீண்டும் பரிசோதித்தபோது, அவர்களிடம் பெருந்தீங்கு எதுவும் காணப்படவில்லை என்று 2005இல் தெரிய வந்தது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் இதே வகையைச் சேர்ந்த டெக்சாமெத்தசோன் ஊசியைக் கொண்டு நடந்த ஆய்வும் 2020இல் அதன் நன்மையை உறுதி செய்தது.

லிக்கின்ஸ் 2010இல் காலமானார். முன்கூட்டியே வரும் வலியைத் தடுப்பது எப்படி என்னும் அவரது முதல் கேள்வி இன்னும் முழுமையாகத் தீரவில்லை. அதற்கு விடை காண்பவர் இதைப் படிக்கும் மாணவியருள் ஒருவராகவும் இருக்கலாம்.

அதுவரை நம் வீடுகளில் நாம் செய்யக்கூடியவை உண்டு. கருவுற்ற அக்காவோ அண்ணியோ கடைசி மாதவிலக்கின் தேதியைக் குறித்து வைக்கட்டும்; அப்போதுதான் வாரக் கணக்கு பிழையாது. இரத்தசோகை, இரத்த அழுத்தம், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைத் தவறவிட வேண்டாம். நாள் நிறையுமுன் வலி கண்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, “சூட்டு வலிதான், விடியட்டும்” என்று இருந்துவிடலாகாது. குறைந்தது சில மணி நேரமாவது, முழுப்பயனுக்கு ஒரு நாளாவது, பிரசவத்துக்கு முன் கிடைத்தால்தான் இம்மருந்து குழந்தைக்கு உதவும். அதைக் கொடுப்பதா என்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. தாமதமின்றி அவரிடம் கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு.