மோட்டார் வண்டியின் பெட்ரோல் பம்பு: பழுதை அறிதலும் சீர்செய்தலும்

தெற்கு அந்தமானிலுள்ள ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) வடக்கே திக்லிப்பூர் நோக்கிச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில், ஜிர்க்காடாங் சோதனைச் சாவடிக்கும் மிடில் ஸ்டிரெயிட் படகுத்துறைக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவு ஜாரவா பழங்குடி மக்களின் ஒதுக்கக்காட்டு வழியே அமைந்துள்ளது. இப்பகுதியில் வண்டிகள் குறித்த நேரங்களில் அணியாகவே செல்ல வேண்டும்; வழியில் நிற்றல் கூடாது. வெளியார் கொணரும் நோய்களுக்கு ஜாரவாக்களின் உடலில் போதிய எதிர்ப்பாற்றல் இல்லை என்பது இவ்விதிக்குரிய காரணங்களுள் ஒன்று. ஆதலின், இவ்வழியில் ஒரு வண்டி பழுதுற்று நிற்பது அவ்வண்டிக்கு உடையவரின் தொல்லையோடு முடிவதில்லை. மேலும், உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்தே தீவுகளுக்கு வந்து சேர்கின்றன. எனவே பழுதின் முன்னறிகுறிகளை அறிந்துகொள்ளுதல் இங்கு இன்றியமையாதது.

பம்பின் அமைப்பும் செயலும்

கார்புரேட்டர் பொருத்திய வண்டிகளில், எடுத்துக்காட்டாக பழைய அம்பாசடர் வண்டிகளில், இயந்திரத்தால் இயங்கும் பம்பு உள்ளது. காம் தண்டு சுழலும்பொழுது அதிலுள்ள மேடு ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. நெம்புகோல் 'டயாப்ரம்' என்னும் நெகிழ்திரையைக் கீழே இழுக்கிறது. அதனால் மேலறையில் அழுத்தம் குறைய, உள்வழி வால்வு திறந்து பெட்ரோல் உட்புகுகிறது. பின்னர் ஒரு சுருள்வில் திரையை மேலே தள்ள, வெளிவழி வால்வு திறந்து பெட்ரோல் கார்புரேட்டருக்குச் செல்கிறது. கார்புரேட்டரின் மிதவை அறை நிரம்பியதும் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். அப்பொழுது திரை கீழேயே தங்கிவிட, நெம்புகோல் மட்டும் வெறுமனே அசையும். ஆகவே, பெட்ரோலை உந்துவது சுருள்வில்லே என்பதும், நெம்புகோல் வில்லை இறுக்கிவைக்க மட்டுமே உதவுகிறது என்பதும் கவனிக்கத்தக்கவை.

அறிகுறிகள்

பம்பு நலிவுறும்பொழுது, வண்டி சமதரையில் நன்றாக ஓடினும், ஏற்றத்திலும் மிகுவேகத்திலும் விக்கித் தயங்கும். அதிக எரிபொருள் வேண்டப்படும் நேரத்திலேயே குறைபாடு முதலில் வெளிப்படும். மின்பொறி அமைப்பின் கோளாறாயின் இயந்திரம் பெரும்பாலும் திடீரென நிற்கும். எரிபொருள் குறைவாயின் தடுமாறித் தடுமாறி ஓயும். பம்பின் அடியிலுள்ள சிறு துளைவழியே பெட்ரோல் கசிந்தால் திரை கிழிந்துள்ளது எனக் கொள்ளலாம். அளவுக்கோலை எடுத்துப் பார்க்கையில் எஞ்சின் எண்ணெயின் மட்டம் உயர்ந்து, பெட்ரோல் வாடை வீசினால் அபாயம் பெரிது. நீர்த்த எண்ணெய் பேரிங்குகளைக் காவாது.

சோதிக்கும் முறை

பம்பைக் குறைகூறுமுன் எளியவற்றை முதலில் சோதித்தல் வேண்டும். தொட்டியில் பெட்ரோல் உள்ளதா? மூடியின் காற்றுத்துளை அடைபட்டுள்ளதா? மூடியைத் திறந்ததும் காற்று உள்ளிழுக்கப்படும் ஓசை கேட்டு, வண்டியும் சீராக ஓடினால் குற்றம் மூடியுடையதே. வடிகட்டியில் நீரும் துருவும் சேர்ந்துள்ளனவா? ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஈரமிக்க இத்தீவுகளில், பாதி காலியான தொட்டியினுள் நீர்த்துளிகள் படிதல் இயல்பே.

அடுத்து, தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயை ஆராய்க. இப்பகுதியில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே புகக்கூடும். கசிவு கண்ணுக்குத் தெரியாமையால் பலர் ஏமாந்து நல்ல பம்பைக் கழற்றிவிடுகின்றனர்.

இறுதியில், இயந்திரம் குளிர்ந்தபின், காயிலின் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயின் முனையை ஒரு கலத்தில் வைத்து இயந்திரத்தைச் சுழற்றுக. காம் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பெட்ரோல் வலுவாகப் பீறிட வேண்டும். நலிந்த ஒழுக்கோ குமிழிகளோ காணப்பட்டால் முறையே பம்பின் பழுதையும் காற்றுப்புகுதலையும் ஐயுறலாம். வெயிலில் சூடேறி நின்ற வண்டி ஆறியபின் தானே ஓடுமாயின், குழாயில் பெட்ரோல் ஆவியாகித் தடைசெய்தது என்க; பம்பின்மீது ஈரத்துணி இடுதல் போதும்.

சீர்செய்தல்

பம்பைப் பிரிக்குமுன் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் பொருந்தும் இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்க. கிழிந்த அல்லது விறைத்த திரையை மாற்றுக. வால்வுகளையும் வலையையும் தூய்மை செய்க. மீண்டும் பொருத்தும்பொழுது திருகுகளைத் தளர்வாக இட்டு, நெம்புகோலை முழுவீச்சுக்கு அழுத்திப் பிடித்தவாறே எதிரெதிர்த் திருகுகளாக இறுக்க வேண்டும்; இல்லையேல் புதிய திரை விரைவில் கிழியும். எஞ்சினுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் பழைய கனத்ததாகவே இருத்தல் வேண்டும். கனம் மிகுந்தால் நெம்புகோலின் வீச்சு குறையும். பெட்ரோல் கலந்த எஞ்சின் எண்ணெயைத் தவறாது மாற்றுக.

மின்சாரப் பம்புகள்

தற்கால வண்டிகளில் பம்பு தொட்டியினுள்ளே உள்ளது. சாவியைத் திருப்பியதும் ஓரிரு வினாடிகள் மெல்லிய முரலொலி கேட்கும். அது கேளாவிடின் முதலில் பியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். சூழ்ந்துள்ள பெட்ரோலே இப்பம்பைக் குளிர்விப்பதால், தொட்டியை வற்றவிட்டு ஓட்டும் வழக்கம் அதன் ஆயுளைக் குறைக்கும். பழைய பம்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டுகளே. இதிலோ 40 பவுண்டுக்கு அண்மையில் இருக்கும். ஆகவே, பம்பின் பியூஸை எடுத்து, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, பாட்டரியைத் துண்டித்த பின்னரே குழாயைக் கழற்ற வேண்டும்.

எவ்வகைப் பம்பாயினும் வேலை திறந்தவெளியில் நடைபெறுக. அருகில் தீயும் புகைத்தலும் கூடா. குழாயில் வாய்வைத்துப் பெட்ரோலை உறிஞ்சுதல் உயிருக்கே கேடு.

ஏற்றத்தில் ஒருமுறை வண்டி தயங்கினால் அதை எச்சரிக்கையாகக் கொள்க. பழுதை ஜிர்க்காடாங்குக்கு இப்பாலேயே தீர்த்துக்கொள்வது ஓட்டுநரின் கடமை. சாவடியைக் கடந்தபின் அதற்கு இடமில்லை.