சுண்ணாம்பில் உறங்கும் வெப்பம்

சுட்ட சுண்ணாம்பின்மீது நீரை ஊற்றினால் அது சீறிக் கொதித்து, ஆவி பறக்கத் தூளாகி உதிர்வதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. அவ்வாறாயின் அவ்வெப்பம் எங்கிருந்து வந்தது? அதனை எவ்வாறு அளப்பது? வெப்ப வேதியியல் என்னும் துறையின் வாயில் இவ்விரு வினாக்களே எனலாம்.

பேச்சு வழக்கில் 'சூடு' என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு பொருள்களைக் குறித்துவிடுகிறோம். வெப்பம் என்பது ஆற்றல். வெப்பநிலை என்பது வேறு. வெப்பமானி காட்டுவது வெப்பநிலையை மட்டுமே. ஆகவே, வினையில் வெளிப்படும் வெப்பத்தை எடையறிந்த நீருக்குள் செலுத்தி, அந்நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்று கண்டு கணக்கிட வேண்டியுள்ளது. இதற்கெனக் காப்பிட்டு அமைத்த கலமே கலோரிமீட்டர்.

ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 4.18 ஜூல் வேண்டும். 200 கிராம் நீரில் 5.6 கிராம் தூய சுட்ட சுண்ணாம்பை இடுவோமாயின் வெப்பநிலை ஏறத்தாழ 7.8 டிகிரி உயரவேண்டும். மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது சுமார் 6,500 ஜூல். 5.6 கிராம் என்பது ஒரு மோலில் பத்தில் ஒரு பங்கு. எனவே ஒரு மோலுக்கு 65 கிலோஜூல். நீரை 400 கிராமாக்கினால் உயர்வு பாதியாகக் குறையும், வெப்பமோ குறையாது. மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே.

ஆய்வகத்தில் 7.8 டிகிரி எளிதில் கிட்டுவதில்லை. கலமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். காற்றும் சிறிது கவரும். திறந்துவைத்த சுண்ணாம்போ ஈரத்தை உறிஞ்சி முன்பே நீறியிருக்கும். கலம் கொள்ளும் வெப்பத்தைத் தனியே அளந்து கணக்கில் சேர்ப்பது இதனாலேயே. 1780களில் லவாய்சியரும் லாப்லாசும் வேறொரு வழி கண்டனர். பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வினையை நிகழ்த்தி, உருகி வடிந்த நீரை நிறுத்தனர். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் தேவை. ஆதலால் தராசே அங்கு வெப்பத்தை அளந்தது!

இனி முதல் வினாவுக்கு வருவோம். காளவாயில் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரிக்குச் சுடும்போது கார்பன் டை ஆக்சைடு பிரிந்து வெளியேறுகிறது. இது வெப்பம் கொள்வினை. ஒரு மோலுக்கு, அதாவது 100 கிராம் கல்லுக்கு, 178 கிலோஜூலை அது விழுங்குகிறது. நீற்றும்போது நமக்குத் திரும்பக் கிடைப்பது 65 மட்டுமே. எஞ்சிய 113 எங்கே?

அது சுவரில் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பைக் காரையாகப் பூசியபின், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. அப்போது எஞ்சிய வெப்பம் வெளிப்படுகிறது. ஆயினும் அவ்வினை மாதக்கணக்கில், தடித்த சுவரில் ஆண்டுக்கணக்கில் நடப்பதாகும். சுவரைத் தொட்டால் சுடுவதில்லை. எந்தக் கலோரிமீட்டரும் அத்தனை காலம் காத்திருக்க இயலாது. பின்னர் 113 என்று எவ்வாறு துணிந்து கூறினோம்?

ஜெனீவாவில் பிறந்து செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய ஹெஸ் 1840இல் வெளியிட்ட விதி இதற்கு வழிகாட்டுகிறது. தொடக்கப் பொருளும் இறுதிப் பொருளும் மாறாதவரை, வினை ஒரே படியில் நிகழ்ந்தாலும் பல படிகளில் நிகழ்ந்தாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே என்பது அவ்விதி. ஆற்றல் அழியாமைக் கோட்பாடு நிலைபெறுவதற்கு முன்பே அவர் இதைக் கண்டது வியப்பிற்குரியது. கல்லில் தொடங்கி, சுட்டு, நீற்றி, பூசி, மீண்டும் கல்லிலேயே முடிகிறோம். ஆகவே கூட்டுத்தொகை சுழியாதல் வேண்டும். 178இலிருந்து 65 போக 113. கழித்தல் கணக்கு ஒன்றே போதுமானதாயிற்று.

இக்கணக்கு எரிபொருளுக்கும் பயன்படும். 12 கிராம் தூய கார்பன் முழுதும் எரிந்தால் 393.5 கிலோஜூல் கிடைக்கும். அதன்படி ஒரு கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட 54 கிராம் கார்பனே போதும். காளவாய்க்காரர் இதைக் கேட்டால் நகைப்பார். கல்லை 900 டிகிரிக்கு ஏற்றுவதற்கும் வெப்பம் வேண்டும். புகையோடு போவது ஒரு பங்கு, சூளைச் சுவர் வழியே கசிவது மற்றொரு பங்கு. அவர் இடும் கரி இதனினும் மிகுதியே.