பக்கத்தில் நிற்பவர் யார் என்று மக்கள் பார்ப்பார்கள்

காஞ்சிபுரத்தில் முதன்முறையாகத் தேர்தல் வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளே! நீங்கள் எந்தக் கட்சிக் கொடியைப் பிடித்தாலும் இந்த அறிவுரைகள் பொருந்தும். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் தமக்குத் துணையாக ஒருவரை நிறுத்துவார். இருவருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. நம் நாட்டில் குடியரசுத் தலைவரையும் துணைத் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் தேர்தல்களில் அந்தத் துணையின் வேலையைச் செய்வது கூட்டணி.

1. தலைவரின் செல்வாக்கு ஒன்றே போதும் என்று நம்பாதீர்கள். அண்ணா பிறந்த ஊர் இது. 1957இல் இங்கே வென்ற அவர், 1962இல் இதே காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் வேட்பாளர் நடேச முதலியாரிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் காங்கிரசுக்கு 139 இடங்கள், தி.மு.க.வுக்கு 50. ஆளுங்கட்சியை எதிர்த்த ஓட்டுகள் பல கட்சிகளுக்குச் சிதறின. சொந்த ஊர், ஊரறிந்த முகம், நாடறிந்த பேச்சு எல்லாம் இருந்தும் தோல்வி வரலாம்.

2. உங்களிடம் இல்லாததைக் கொண்டுவருபவரே நல்ல துணை. 1967இல் அண்ணாவோடு ராஜாஜி நின்றார். அவருடைய சுதந்திராக் கட்சி பெற்றது 20 இடங்கள். அவர் செய்த பெரிய உதவி அந்த எண்ணிக்கையில் அடங்காது. கடவுள் மறுப்புப் பேசிய பெரியாரின் இயக்கத்திலிருந்து வந்த கட்சிக்கு ஓட்டுப் போடலாமா என்று தயங்கிய குடும்பங்களின் அச்சத்தை அவர் போக்கினார். கோயில்கள் சூழ்ந்த ஊரில் வளர்ந்த உங்களுக்கு அதன் மதிப்பு தெரியும். 1960இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் கென்னடியும் இதைத்தான் செய்தார். வடகிழக்கைச் சேர்ந்த கத்தோலிக்கரான அவர், தென்பகுதியான டெக்சாஸின் ஜான்சனைத் துணையாக்கிக்கொண்டார். டெக்சாஸ் அவர் பக்கம் வந்தது. துணையைத் தேடும்போது, ‘நம்மைக் கண்டு தயங்குபவர் யார், அவர் யாரை நம்புகிறார்?’ என்று முதலில் கேளுங்கள்.

3. பழைய சண்டையை மூடி மறைக்காதீர்கள். ராஜாஜி முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த கல்வித் திட்டத்தை எதிர்த்து 1953இல் போராடியது தி.மு.க. பள்ளிகளில் இந்தியைப் புகுத்தி 1938 போராட்டத்துக்குக் காரணமானவரும் ராஜாஜிதான். அதே ராஜாஜி பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்த்தார். 1965இன் மொழிப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் அண்ணாவும் ராஜாஜியும் சேர்ந்ததற்கான காரணத்தை மக்களுக்கு விளக்கின. ‘நேற்று அப்படிப் பேசினீர்களே?’ என்று திண்ணையில் ஒரு பெரியவர் கேட்டால் நழுவாதீர்கள். சேர்ந்த காரணத்தை நேராகச் சொல்லுங்கள். காரணம் சொல்ல முடியாத கூட்டணிக்கு ஓட்டுக் கேட்பது கடினம்.

4. கணக்கைத் தொகுதி தொகுதியாகப் போடுங்கள். 1967இல் காங்கிரஸ் பெற்ற ஓட்டு ஏறக்குறைய 41 சதவீதம், தி.மு.க.வுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் தி.மு.க.வுக்கு 137 இடங்கள், காங்கிரசுக்கு 51. தொகுதி உடன்பாட்டால் எதிர்ப்பு ஓட்டு பெரும்பாலும் ஒரே வேட்பாளருக்கு விழுந்தது. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் முதல்வர் பக்தவத்சலமே தோற்றார். அதற்காகக் கட்சிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். 2016இல் தே.மு.தி.க.வும் மக்கள் நலக் கூட்டணியுமாக ஆறு கட்சிகள் சேர்ந்து நின்றன, ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை.

5. தோழமைக் கட்சித் தொண்டரைச் சமமாக நடத்துங்கள். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் பிணைப்பு தளர்ந்தால் சேலைக்கு மதிப்பில்லை. கூட்டணியில் அந்தப் பிணைப்பு பூத்தில் இருக்கிறது. பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளுக்குப் போனாலும், ஒலிமுகமதுபேட்டைக்குப் போனாலும் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போங்கள். மேடையில் அவர்கள் தலைவரின் படத்தைச் சிறிதாக்காதீர்கள். உங்கள் கட்சி போட்டியிடாத தொகுதியில் உங்கள் ஆதரவாளர் பழகிய சின்னத்தைத் தேடுவார். தோழமைக் கட்சியின் சின்னத்தை வீடு வீடாக அறிமுகப்படுத்துவது உங்கள் பொறுப்பு. 1967இல் ம.பொ.சி.யும் ஆதித்தனாரும் உதயசூரியன் சின்னத்திலேயே நின்று வென்றார்கள். எல்லாக் கூட்டணியிலும் அந்த வசதி அமையாது.

6. துணையைப் பற்றி அறிவிப்புக்கு முன்பே முழுதாக விசாரியுங்கள். 1972இல் அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் மெக்கவர்னின் துணை வேட்பாளர் ஈகிள்டன் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர் என்பது அறிவிப்புக்குப் பிறகு வெளியானது. 18 நாளில் அவர் விலகினார். சிகிச்சை பெற்றது குற்றமில்லை. அவசரத்தில் விசாரிக்காமல் விட்டதுதான் பிழை. அறிவித்தபின் மாற்றினால், முடிவெடுக்கும் திறமை மீதே மக்களுக்குச் சந்தேகம் வரும்.

7. பிரிவுக்கும் இடம் விட்டுப் பேசுங்கள். 1971இல் ராஜாஜி, காமராசரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார். 2011இல் சேர்ந்து வென்ற அ.தி.மு.க.வும் தே.மு.தி.க.வும் மறு ஆண்டே முட்டிக்கொண்டன. இன்றைய தோழர் நாளை எதிரில் நிற்கலாம். அதை நினைத்துக் கடுஞ்சொல்லைத் தவிருங்கள். 1967இல் பெரியார் காங்கிரசுக்காகப் பிரச்சாரம் செய்தார். வென்ற அண்ணா திருச்சிக்குப் போய் அவரைச் சந்தித்தார். இந்த ஊர் பெற்ற பிள்ளை காட்டிய வழி அது. ஓட்டு எண்ணி முடிந்த பிறகும் ஒருவர் வாசலுக்கு ஒருவர் போகும்படி அரசியல் செய்யுங்கள்.