உழவர் அறிவை மதித்த பேராசிரியர்

உழவுத் தொழிலின் உயர்வைப் புகழ்ந்து பேசாதார் நம் நாட்டில் அரியர். ஆயினும் உழுகின்றவன் கணக்கறிந்தவன், தன் நிலத்துக்கும் கைம்முதலுக்கும் ஏற்றது எதுவென ஆராய்ந்து செய்கின்றவன் என்று சொன்னால், கற்றவருள் அதனை நம்புவார் எத்துணைப் பேர்? அறியாமையும் சோம்பலுமே அவன் வறுமைக்குக் காரணம் என்று சொல்லிவிடுவது நமக்கு எளிதாயிருக்கிறது. இவ்வெண்ணம் பிழைபட்டது என்று வாதித்த விவசாயப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவோம். அவர் தியோடர் சூல்ட்ஸ் என்பார்.

சூல்ட்ஸ் 1902ஆம் ஆண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த தெற்கு டக்கோட்டா மாகாணத்தில், ஆர்லிங்டன் என்னும் ஊரை அடுத்த ஒரு பண்ணையில் பிறந்தார். முதல் உலகப் பெரும்போர்க் காலத்தில் பண்ணை வேலைக்கு ஆட்கள் அரியராயினமையின், அவர் உயர்நிலைப் பள்ளியிற் பயிலவில்லை. 1921இல் மாகாணக் கல்லூரியில் குளிர்காலத்துச் சில மாதங்கள் மட்டும் நடைபெற்ற விவசாய வகுப்பிற் சேர்ந்தார். சிறிதாகத் திறந்த அவ்வாயிலே அவருக்குப் பெருவழியாயிற்று. அக்கல்லூரியிலேயே பட்டம் பெற்று, பின்னர் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் 1930இல் டாக்டர் பட்டமும் எய்தினார். அவர் பயின்ற அவ்வாண்டுகள் அமெரிக்க உழவர் விளைபொருள் விலை வீழ்ச்சியால் நலிவுற்றிருந்த காலம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வாண்டே அவர் அயோவா மாகாணக் கல்லூரியில் ஆசிரியரானார். 1934இல் பொருளாதாரப் பகுதிக்குத் தலைவருமானார். இளைஞரும் ஆற்றல் மிக்கவருமான பலரைத் தேடிச் சேர்த்து, அப்பகுதியைப் பெயர் பெறச் செய்தார். இங்ஙனம் இருக்கையில், 1943இல் ஒரு சோதனை நேர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போர்க்கால உணவுக் கொள்கையைப் பற்றி அக்கல்லூரியார் சிறு நூல்கள் சில வெளியிட்டு வந்தனர். அவற்றுள் ஐந்தாவதை எழுதியவர் ஆஸ்வால்ட் பிரவுன்லீ என்னும் இளம் ஆராய்ச்சியாளர். தாவர எண்ணெய் முதலியவற்றால் ஆக்கப்படும் மார்கரைன் என்னும் செயற்கை வெண்ணெய், ஊட்டத்திலும் சுவையிலும் பசு வெண்ணெயுடன் ஒப்ப வைத்தற்குரியதே என்றும், அதன்மீது விதிக்கப்பட்டிருந்த தடைகளை நீக்குதல் நலம் என்றும் அவர் எழுதினார். அயோவாவோ பால் பண்ணைகள் மலிந்த மாகாணம். பண்ணையாளரும் அவர்தம் சங்கத்தாரும் வெகுண்டெழுந்தனர். தங்கள் வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரி தங்கள் பிழைப்பைக் கெடுப்பதா என்று கேட்டு, அந்நூலைத் திரும்பப் பெறவேண்டுமென வற்புறுத்தினர். கல்லூரித் தலைவரும் அதற்கு இணங்கினார்.

சூல்ட்ஸ் இணங்கவில்லை. ஆராய்ச்சியின் முடிபு யாருக்கு உகந்தது, யாருக்கு உகவாதது என்று பார்த்து அதனை அடக்குவதாயின் கலாசாலை எதற்கு என்பது அவர் கருத்து. அவ்வாண்டே பதவியைத் துறந்து, சிக்காகோ சர்வகலாசாலைக்குச் சென்றார். பிறகு வேறு ஆசிரியர் பலரும் அயோவாவை விட்டு நீங்கினர். திரும்பப் பெற்ற நூலோ திருத்தப்பட்டு 1944இல் வெளிவந்தபோதும், அதன் முக்கியக் கருத்து மாறவில்லை. 1950இல் மார்கரைன்மீது மத்திய அரசாங்கம் விதித்திருந்த வரியும் நீக்கப்பட்டது. உழவரை மதிப்பது வேறு. உழவர் கேட்க விரும்புவதையே உரைப்பது வேறு. இவ்விரண்டின் வேற்றுமையையும் இந்நிகழ்ச்சி நமக்கு நன்கு விளக்குகின்றது.

சிக்காகோவில் அவர் உலகத்து ஏழை உழவரைப் பற்றி ஆராயலானார். 1964இல் வெளியிட்ட நூலில், பழைய முறைப்படி பயிரிடும் உழவர் தமக்குக் கிடைத்த நிலத்தையும் கருவிகளையும் வீணாக்காமல் திறம்படவே பயன்படுத்துகின்றனர் என்று வாதித்தார். அவர்கள் வறியராயிருத்தற்குக் காரணம் அறிவின்மை அன்று. கைக்கு எட்டிய விதையும் கருவியும் முறையும் மேலும் பலன் தரமாட்டாமையே என்பது அவர் முடிபு. கவுதமாலா நாட்டுச் சிற்றூர் ஒன்றையும், வட இந்தியாவிலுள்ள சேனாப்பூர் என்னும் ஊரையும் அவர் சான்றாகக் காட்டினார்.

நம் நாட்டின் துயரம் ஒன்றும் அந்நூலிற் சான்றாயிற்று. 1918-19இல் பரவிய இன்புளுவென்ஸா காய்ச்சலால் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். உழவுத் தொழிலாளருள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்மர் குறைந்தனர் என்று அவர் கணக்கிட்டார். கிராமங்களில் வேலையின்றி மிகுந்த ஆட்கள் இருந்தது உண்மையாயின், இவ்வளவு பேர் மறைந்தும் சாகுபடிப் பரப்புக் குறைந்திருத்தலாகாது, அதுவோ குறைந்தது. ஆகவே உழவரின் உழைப்பு வீண் அன்று என்றார். 1967இல் அமார்த்ய சென் இக்கணக்கைக் கண்டித்து எழுதினார். எனினும், ஆராயாமல் ஏழையைப் பழித்தல் தகாது என்னும் படிப்பினை அவ்வாதத்தால் அழியவில்லை.

ஆயின் வறுமை நீங்குவது எவ்வாறு? இதற்கு விடையைச் சூல்ட்ஸ் ஒரு பண்ணை வீட்டிற் கண்டார் என்பர். போர் முடிந்தபின் முதிய உழவர் தம்பதிகள் இருவரை அவர் சந்தித்தார். வறியராயிருந்தும் அவர்கள் மனநிறைவுடன் விளங்கியதைக் கண்டு காரணம் வினவினார். தாங்கள் வறியர் அல்லர் என்றும், பண்ணையின் வருவாயை யெல்லாம் மக்கள் நால்வரின் கல்விக்கே செலவிட்டதாகவும் அவர்கள் விடையிறுத்தனராம். கல்வியும் உடல்நலமும் செலவல்ல, மனிதரிடத்து இடப்பெறும் மூலதனமே என்னும் கொள்கையை அவர் பின்னர் நிலைநாட்டினார். 1979இல் ஆர்தர் லூயிஸ் என்பாருடன் பொருளாதாரத்துக்குரிய நோபெல் பரிசைப் பெற்றார், 1998இல் காலமானார்.

மாணாக்கர்காள்! நம்முட் பலர் ஒரு துண்டு நிலத்தின் விளைவைக் கொண்டோ, அதனை ஈடு வைத்தோ இங்குப் பயில அனுப்பப்பட்டவர்கள். அந்த முதலுக்கு நாம் செலுத்தவேண்டிய வட்டி யாது? ஊருக்குத் திரும்புங்கால், நம் தந்தையாரின் கணக்கைப் பழிக்காது கற்றுக்கொள்ளும் பணிவும், கண்ட உண்மையை அவர்க்கு உகவாதபோதும் அஞ்சாது உரைக்கும் நேர்மையுமே யாம்.