இசைத்தட்டும் நேரியக்கச் சுழல்மேடையும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, நன்னூற் சூத்திரம் ஒன்றையோ கலித்தொகைப் பாடல் ஒன்றையோ நாம் விரித்துரைப்போம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியர் ஒருவர் மோட்டரைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயின், அண்மைக் காலத்திலே பழைய மாணவர் எம்மை வழியிற் கண்டு வினவுவது இலக்கணத்தைப் பற்றியன்று. “சேர், வீட்டிலே அப்புவின் பழைய றெக்கோட்டுகள் கிடக்கின்றன, அவற்றைப் போட்டுக் கேட்க என்ன கருவி வாங்கலாம்?” என்பதே அவர்தம் வினா. கடல்கடந்து வாழ்வோரும் தொலைபேசியில் இதனையே கேட்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்ததை ஈண்டு ஒருங்கே எழுதிவைக்கின்றோம்.

இசைத்தட்டுக் கருவிக்கு உரிய தொழில் பார்வைக்கு மிக எளியது. தட்டை ஒரே வேகத்திற் சுழற்றவேண்டும். எல்.பி. எனப்படும் நீண்டநேரத் தட்டாயின் நிமிடத்துக்கு 33⅓ சுற்று. சிறிய தட்டாயின் 45. பழைய அரக்குத் தட்டாயின் 78. வேகம் பிறழ்ந்தாற் சுருதி பிறழும். நூற்றுக்கு ஆறு பங்கு கூடினாலோ குறைந்தாலோ பாட்டு முழுவதும் ஒரு சுரத்தானம் ஏறியோ இறங்கியோ போய்விடும். இவ்வுண்மையை எம் தலைமுறையினர் புத்தகத்திற் கற்கவில்லை. 1990ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றிருந்த காலத்திலே நாம் பள்ளி மாணவர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக் கொண்டே வானொலியும் ரேப் றெக்கோடரும் கேட்டோம். சுற்றுகின்றவன் கை சோர்ந்தாற் பாடுகின்றவர் குரலும் சோரும். “சுற்றடா, சுற்றடா” என்ற கூச்சல் அந்நாளைய பாட்டுக்கள் அனைத்துக்கும் பொதுவான அநுபல்லவியாக இருந்தது.

எமது பெரியப்பா ஒரு தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுக்கள் சேர்த்துவைத்திருந்தார். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது அதனைக் கட்டிலின் கீழே விட்டுச் செல்லவேண்டியதாயிற்று. மீண்டு வந்து திறந்தபோது மேலிருந்தவை நொறுங்கிக் கிடந்தன. சில வெயிற் சூட்டில் வளைந்திருந்தன. எஞ்சியவை முப்பத்தொன்று. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் நாதசுரம், எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோர் பாடிய 78 தட்டுக்கள், 1963இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. தட்டு முதலியன அவற்றுள் அடங்கும். இப்பாட்டுக்களுட் சில இன்று இணையத்திலும் கிடைக்கின்றன என்பதை அறிவோம். எல்லாம் கிடைக்கவில்லை என்பதையும் தேடிப் பார்த்தே அறிந்தோம்.

கருவியைப் பற்றி எம்மை ஆராயத் தூண்டியது ஒரு பிழை. கனடாவில் வாழும் எம் வகுப்புத் தோழர் ஒருவர், தாம் பாவித்த கருவியை அன்போடு சுமந்து வந்து தந்தார். அது பட்டியால் இயங்குவது. அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ற். நம் நாட்டிலே 230. ஆகவே நிலைமாற்றி ஒன்றை வாங்கி இணைத்தோம். சுப்ரபாதத்தை வைத்தோம். அம்மையாரின் குரல் நோயுற்ற ஆடவர் குரலாய் எழுந்தது! “பெட்டிக்குள்ளே கிடந்து தட்டுப் பழுதாய்ப் போயிற்று” என்றார் எமது தாயார். நாமும் அவ்வாறே எண்ணி வருந்தினோம். மறுநாள் எமது சங்கீத ஆசிரியை வந்து சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பார்த்து, “தட்டிலே குற்றமில்லை, பாட்டு முழுவதும் மூன்று சுரத்தானம் இறங்கி ஒலிக்கின்றது” என்றார்.

காரணம் இதுவே. கனடாவின் மின்னோட்டம் செக்கனுக்கு 60 முறை ஆடுவது. நம்முடையது 50 முறை. இதனை மீடிறன் என்பர். நிலைமாற்றி வோல்ற்றை மாற்றுமேயன்றி மீடிறனை மாற்றாது. அக்கருவியின் மோட்டரோ மீடிறனைப் பற்றிக்கொண்டு சுழலும் வகையைச் சேர்ந்தது. ஆறு பங்கு ஓடவேண்டியது ஐந்து பங்கே ஓடிற்று. 33⅓ சுற்று, ஏறத்தாழ 27¾ சுற்றாயிற்று. பட்டியிற் பூட்டும் சிறு சில்லை மாற்றினால் இது தீரும். அச்சில்லைத் தேடி நாம் அலைந்த கதையை இங்கே சொல்லவில்லை. தேடி முடிவதற்குள் இறப்பர்ப் பட்டியும் நம் ஊர் வெக்கையிலே இளகிப் பசையாகிவிட்டது.

அதன் பின்பே ‘டைரெக்ட் டிரைவ்’ எனப்படும் நேரியக்கத்தின்பால் எம் கருத்துச் சென்றது. இலக்கணங் கற்றோர்க்கு இதனை விளக்குதல் எளிது. ‘உருட்டியது’ என்பது பிறவினை. ‘உருண்டது’ என்பது தன்வினை. பட்டிக் கருவியிலே, ஒரு மூலையில் விரைந்து சுழலும் மோட்டர், இறப்பர்ப் பட்டியினால் மேடையை உருட்டுகின்றது. நேரியக்கத்திலே மோட்டரின் அச்சே மேடையின் அச்சு. மோட்டரும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றே சுழலும். தேய்வதற்குப் பட்டியில்லை, நடுவிலே சில்லில்லை.

இத்தகைய கருவியை முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் யப்பானிய மட்சுஷிட்டா நிறுவனத்தார். அவர்கள் ‘டெக்னிக்ஸ்’ என்னும் பெயரால் 1970இல் வெளியிட்ட எஸ்.பி. 10 என்பதே அது. அதனை ஆக்கிய பொறியியலாளர் சுயிச்சி ஒபாட்டா. 1972இல் எஸ்.எல். 1200 வந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலே குவாட்ஸ் படிகத்தால் வேகத்தைக் காக்கும் முறை அமைந்தது. படிகம் மாறாத் துடிப்புடையது. மேடையின் வேகத்தை அத்துடிப்போடு ஓயாது ஒப்பிட்டு, பிந்தினால் மின்னைக் கூட்டியும் முந்தினாற் குறைத்தும் கருவி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். சைக்கிள் சுற்றியவனுக்கு நாம் இட்ட கூச்சலைப் படிகம் ஓசையின்றி இடுகின்றது எனலாம். ஊர் மின்சாரத்தின் மீடிறன் யாதாயினும் இதற்குக் கவலையில்லை. 2010இல் நிறுத்தப்பட்ட அக்கருவி 2016இல் மீண்டும் ஆக்கப்படலாயிற்று.

பட்டிக் கருவிகளை இகழ்கின்றோம் என்று கொள்ளற்க. நல்ல பட்டிக் கருவி மிக அமைதியாக இயங்கும். மோட்டரின் அதிர்வைப் பட்டி ஊசியை அணுகவிடாது. தொடக்ககால நேரியக்கக் கருவிகளிலே மோட்டர் மெல்லத் தட்டித் தட்டிச் சுழல்வதாய்க் குறை கூறியவர்களும் உளர். நம் நாட்டு வெக்கையையும், உதிரிப் பாகம் கிடைக்கும் அருமையையும் எண்ணியே நேரியக்கத்தை விரும்புகின்றோம்.

வாங்கப் புகுவோர் முதலில் தம் பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். 78 தட்டு ஒன்றேனும் இருப்பின், அவ்வேகமுள்ள கருவியையே வாங்குக. பழைய எஸ்.எல். 1200 இரண்டாம் பதிப்பிலே 33⅓, 45 என்ற இரண்டுமே உண்டு. டெக்னிக்ஸ் எஸ்.எல். 1500 சி, ஓடியோ டெக்னிக்காவின் எல்.பி. 120 ஆகியவற்றில் மூன்று வேகமும் உண்டு. ஊசியின் நுண்ணிய மின்னை அம்பிளிபயருக்கு ஏற்பப் பெருக்கும் உறுப்பும் உள்ளேயே உண்டு. அது இல்லாத கருவிக்குத் தனியே வாங்கவேண்டும். நடனக் கூடங்களிலே தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து விளையாடுவோர்க்கு மோட்டரின் வலிமை முதன்மையானது. வீட்டிற் கேட்போர் அதற்காக மிகைப்பணம் கொடுக்கவேண்டியதில்லை.

யப்பானிலிருந்து வரும் பழைய கருவிகள் மலிவாகக் கிடைக்கலாம். அவை 100 வோல்ற்றுக்கு அமைந்தவை. நிலைமாற்றியின்றி நம் சுவரிற் செருகினாற் கருகிவிடும். மேடையின் விளிம்பிலுள்ள புள்ளிகளைக் கடையிலேயே சிறு விளக்கொளியிற் பார்த்து வாங்குக. வேகம் சரியாயின் அவற்றுள் உரிய வரிசை நின்றவாறு தோன்றும், நகர்ந்தாற் குற்றமுண்டு. ஆயினும் ஒரு செய்தி: சில தட்டுக்களில் நடுத்துளை மையத்தினின்றும் விலகியிருக்கும். அவற்றிலே எல்.பி. ஒரு சுற்றுச் சுழலும் 1.8 செக்கனுக்கு ஒருமுறை சுருதி அலையும். அதற்கு மோட்டரை நோதல் முறையன்று. எந்த மோட்டரும் அதனைத் திருத்தாது.

இனி, மோட்டரினும் பெரிதாய் நாம் கருதுவது ஊசி. தட்டோடு உரசுவது அதுவே. நேரியக்கக் கருவி வாங்குமுன் நாம் அவசரப்பட்டு, பெட்டிபோல் மூடும் மலிவான சிறு கருவி ஒன்றை வாங்கினோம். அதன் கையிலே எடையைத் திருத்தும் வழியில்லை. ஒரே ஊசியால் மூவகைத் தட்டும் ஒலிக்கும் என்று விற்றவர் கூறினார். பெரியப்பாவின் சுந்தராம்பாள் தட்டொன்றை அதிலே ஏழெட்டு முறை கேட்டிருப்போம். இன்று அத்தட்டிலே குரலைவிட இரைச்சலே மிகுதி. அரக்குத் தட்டின் தவாளிப்பு அகன்றது. அதற்குரிய ஊசிமுனையின் ஆரை ஏறத்தாழ 65 முதல் 75 மைக்குரோன். எல்.பி.க்குரிய உருண்டை முனை ஏறத்தாழ 18 மைக்குரோன். சிறிய முனை பெரிய தவாளிப்பின் அடியிலே புழுதியிற் புரண்டு, பாட்டு எழுதப்பட்ட சுவர்களிற் செவ்வையாய்ப் பொருந்தாது. ஆகவே 78க்கென்று தனி ஊசி வைத்துக்கொள்க. ஓடியோ டெக்னிக்காவின் வி.எம். 95 வரிசையிலே ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். எல்.பி. ஊசிக்கு 2 கிராம் எடை. 78 ஊசிக்கு 5 கிராம். ஊசியை மாற்றியவர் எடையை மாற்ற மறத்தல் கூடாது.

எடை குறைந்தால் தட்டுக்கு நன்மை என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. குறைந்த எடையிலே ஊசி துள்ளித் தவாளிப்பின் சுவரைக் கொத்தும். பின்புறத்துக் குண்டைத் திருகிக் கை துலாக்கோல்போற் சமன்பட்டு மிதக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அங்கே எண்வளையத்தைச் சுழியில் வைத்து, பின்பு உரிய கிராம் வரையும் திருகுக. கை உட்புறமாக இழுபடுவதைத் தடுக்கும் திருகையும் எல்.பி.க்கு அதே எண்ணிற் பெரும்பாலும் வைக்கலாம். மேசை சமமா என்பதை மேசனின் இரசமட்டம் காட்டும். ஒலிபெருக்கியையும் கருவியையும் ஒரே பலகையில் வையாதீர்கள். ஒலிபெருக்கியின் அதிர்வு ஊசிக்குத் திரும்பி ஊளையிடும். நம் வீடுகளின் சீமெந்துத் தரை இவ்விடயத்தில் ஒரு பேறு. இரைச்சல் மாறாது ‘ம்ம்’ என ஒலிப்பின், பச்சை எர்த் கம்பியை அம்பிளிபயரிற் பூட்ட மறந்திருப்பீர்கள்.

எல்.பி. தட்டை வடித்த நீராலும் மென்றுணியாலும் தவாளிப்பின் போக்கிலே துடைக்கலாம். 78 தட்டிலே ஸ்பிரிட் படவே கூடாது. அரக்கு அதிற் கரையும். பூஞ்சணத்தோடு பாட்டும் போய்விடும். தட்டுக்களை அடுக்கி வையாது, புத்தகம்போல் நிமிர்த்தி வைக்கவேண்டும். பெரியப்பா அடுக்கித்தான் வைத்திருந்தார்.

இப்பொழுது எமது வீட்டில் முப்பத்தொன்றிலே இருபத்தாறு தட்டுக்கள் ஒலிக்கின்றன. சுந்தராம்பாள் தட்டையும் ஆண்டுக்கொருமுறை, பெரியப்பாவின் திவசத்தன்று, உரிய ஊசியில் வைக்கின்றோம். 78 ஊசி வாங்க இயலாத பழைய மாணவர், சனிக்கிழமை காலையிலே தட்டைக் கல்லூரிச் சங்கீத அறைக்குக் கொண்டுவந்தால், எமது கருவியில் வைத்து ஒலிப்பதிவு செய்து கொடுப்போம். துவாய்க்குள்ளே சுற்றி, நிமிர்த்திப் பிடித்துக் கொண்டுவருக. துடைக்கவேண்டாம், அதனை நாம் செய்துகொள்வோம். கீறல் விழுந்ததென்று வீட்டிலே எதனையும் கழித்து வைத்துவிட்டு வராதீர்கள்.